மூன்றாவது வீட்டுக் கதவு

சான் மார்சியால்,
மாசில்லாக் குழந்தைகள் திருநாள், டிசம்பர் 28.

என் அன்புத் தம்பி எவரிஸ்தோவுக்கு,

குழந்தை இயேசுவின் கை உன் தலைமேல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உன் அக்கா ஒத்திலியா எழுதுவது. நானும் உன் அத்தான் நிக்கானோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் உயிரோடு என்றே எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கதவுக்கு அடியில் வந்திருக்கும். தள்ளிவிட்டவன் வெளியே நிற்கிறான். கதவைத் திறக்காதே. ஜன்னல் வழியாக எட்டியும் பார்க்காதே. பார்த்தால் இதை மேலே படிக்க மாட்டாய், உன் கோபம் எனக்குத் தெரியாதா? யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, குடியேற்றப் போலீஸாக இருக்கும் என்று உங்களுக்கெல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்திருப்பதாகப் போன தடவை போனில் சொன்னாயே. அதனால்தான் தட்டாதே, காகிதத்தைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நில் என்று சொல்லி அனுப்பினேன். சிகாகோவில் பனி கொட்டும் என்று தெரியும். கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். ரயில்வே கேட்டில் அந்தக் கும்பல்காரர்கள் இப்போது எல்லாருடைய போனையும் பிடுங்கிப் பார்க்கிறார்கள். நீ போனபோது சாலையோரம் நின்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது கேட்கீப்பர் மக்காரியோவின் வீட்டையே பறித்துக்கொண்டு, இரும்புக் கேட் போட்டு, உள்ளே குடியிருக்கிறார்கள். மக்காரியோ எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, பயம்தான்.

ரயில் கூரைமேல் வடக்கே போகிறவர்களுக்கு நம் வீட்டு ரொட்டியைப் பையில் கட்டி வீசுவோமே, அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அப்படிப் போகிறவர்களுக்குச் சோறு போடுகிறவன், இடம் கொடுக்கிறவன், வண்டியில் ஏற்றுகிறவன் எல்லாரும் அவர்களுக்கு எதிரிகளாம். நம் ரொட்டிக் கடைக்கே வந்து, கேக்கை விரலால் தொட்டு நக்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான் ஒருவன். அன்று அத்தான் மாவில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். ஊரே முகம் சுளித்துக்கொண்டு அந்த ரொட்டியைத் தின்றது. அதிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் உப்பு டப்பாவை நான் தூக்கி வைத்துவிடுகிறேன்.

இப்படி இருக்கும்போதுதான், கிறிஸ்துமஸுக்கு முன் மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் தேடியதைப் பாடிப் போகிற போசாதா ஊர்வலங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு மத்தியானம் பின்கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. தெருநாய் என்று நினைத்துத் துடைப்பத்தோடு போனேன். ஒரு பெண். வெறும் காலோடு நின்றாள். நிறைமாத வயிறு. “அம்மா, அந்தக் கேட் வீட்டுலேர்ந்து வர்றேன். சுவரேறிக் குதிச்சிட்டேன். தொரத்திடாதீங்க” என்றாள். பெயர் யெசேனியா, ஹோண்டுராஸ்காரி. புருஷனோடு ரயிலில் வந்திருக்கிறாள். பாலத்தருகே இருவரையும் இழுத்து இறக்கி, உறவுக்காரர்களிடம் பணம் பிடுங்குவதற்காக அடைத்துவைத்திருக்கிறார்கள். புருஷனை ஒருநாள் வெளியே கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

உள்ளே இழுத்து விறகுக் கொட்டகையில் உட்கார வைத்தேன். அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும், மின்னல் வெட்டினாலே செபமாலையைத் தேடுகிற மனுஷன். “உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா ஒத்திலியா? நம்ம தலையை நாமே கொண்டுபோய் அடுப்புல வைக்கிறதா?” என்று குதித்தார். குதித்து முடித்ததும் ரொட்டியின் நடுவில் உள்ள மெத்தென்ற பாகத்தைக் கிள்ளி, பாலில் நனைத்து, அவரே எடுத்துக்கொண்டு போனார். “மேல்தோல் கடினமா இருக்கும்மா, இதைச் சாப்பிடு” என்று அவளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் தூங்கினோம் என்று சொல்ல முடியாது. ஓடிப்போன பெண்ணைத் தேடி வீடு வீடாக வந்தார்கள். நம் கடைக்கு வந்தவன் யார் தெரியுமா? ரூபேன். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். உன்னை அவர்களோடு சேரச் சொல்லி நம் அடுப்பங்கரைக்குப் பின்னால் போட்டு அடித்தபோது, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தவன். அவனுக்கு இப்போது கேட்டருகே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, யார் வருகிறார் யார் போகிறார் என்று வாக்கி டாக்கியில் சொல்கிற வேலை. அடைத்துவைத்த அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனதும் அவன்தானாம். அவன் குரல் கடையில் கேட்டதும், கொட்டகையில் இருந்த யெசேனியா தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். பல்லின் தடம் அப்புறமும் நாள்கணக்கில் இருந்தது.

அவளை எங்காவது அனுப்பியாக வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் தங்குவதற்காகப் பாதர் அன்செல்மோ நடத்துகிற விடுதியில் மருத்துவம் தெரிந்த கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்கள், சுவரும் உயரம். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்துபோகிற இடம் என்பதால் அந்தக் கும்பல் உள்ளே நுழையத் தயங்குகிறது. ஆனால் விடுதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட்டைத் தாண்டாமல் போக வழியில்லை. பாதருடைய வேனைக்கூட நிறுத்திச் சாக்குமூட்டையைக் குத்திப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

வழி கண்டுபிடித்தது பிரிகிதா அம்மா. வருஷா வருஷம் போசாதாவை நடத்துகிற அந்த வாய்க்காரியேதான். கடைசி நாள் ஊர்வலம் எப்போதும் தண்டவாளத்தைத் தாண்டித்தானே போகும்! மாதா வேஷம் போட்ட பெண் கழுதைமேல் முக்காட்டோடு உட்கார்ந்திருப்பாள். அவள் வயிற்றில் தலையணை கட்டியிருக்கும். அது பாதி வழியில் நழுவி விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள். “இந்த வருஷம் தலையணை வேணாம்டி. உன் கொட்டகையில இருக்கிறவளையே கழுதை மேல ஏத்து” என்றார் பிரிகிதா அம்மா. “அவங்க கண்ணு முன்னாடியா?” என்று கேட்டேன். “பின்னே? மறைச்சிக் கொண்டுபோனா தேடுவான். பாட்டுப் பாடிக்கிட்டுக் கொண்டுபோனா தொப்பியைக் கழட்டுவான்” என்றார்.

இந்த வருஷ மாதா அவருடைய தங்கை மகள் ஆராசெலி. அவளிடம் விஷயத்தைச் சொல்லி, வீட்டைவிட்டு அசையக் கூடாது என்று சத்தியம் வாங்கினோம். சூசையப்பர் வேஷம் நீ போட்டுக்கொண்டிருந்தது, நீ போனதிலிருந்து ஆளில்லை. அத்தான் போட்டுக்கொண்டார். உன் அங்கி அவருக்கு முழங்கால் வரைதான் வந்தது. பயத்தில் வியர்த்ததில் ஒட்டுத் தாடி ஒருபக்கம் தொங்கியது. அவரைப் பார்த்து யெசேனியா சிரித்தாள். நம் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பொழுது சாயும் நேரம். மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஊரே பின்னால் வந்தது. விஷயம் தெரிந்தது எங்கள் நாலைந்து பேருக்குத்தான். உனக்குத் தெரியாத வழக்கமா, முதல் இரண்டு வீட்டு வாசலில் இடம் கேட்டுப் பாடவேண்டும், உள்ளே இருப்பவர்கள் விரட்டிப் பாடவேண்டும், மூன்றாவது வீட்டுக் கதவுதான் திறக்கும். கடைசி நாளில் முதல் வீடு எது என்று யோசித்துப் பார். மக்காரியோவின் வீடு! இந்த வருஷம் அங்கே நிற்கக் கூடாது, நேராகத் தண்டவாளத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று பிரிகிதா அம்மா கோயிலிலேயே சொல்லியிருந்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

கழுதையிடம் யார் சொல்வது? நம் பிறப்புக்கு முன்பிருந்தே ஊர்வலம் நின்ற வாசல். அந்த இரும்புக் கேட்டுக்கு முன்னால் வந்ததும் கழுதை தானாக நின்றது. கழுதை நின்றதும் முன்வரிசைக் கிழவர்கள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து இடம் கேட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அத்தான் கயிற்றை இழுக்கிறார், கழுதை அசையவில்லை. அவள் எந்த வீட்டிலிருந்து தப்பி வந்தாளோ அதே வீட்டு வாசலில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே விடு உள்ளே விடு என்று ஊரே கூடிப் பாடுகிறது. முக்காட்டுக்குள்ளிருந்து அவள் கை வந்து அத்தானின் தோளைப் பிடித்தது. நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. எனக்குச் செபம்கூட வாயில் வரவில்லை, தம்பி. ஐயோ ஐயோ என்றுதான் வந்தது.

ரூபேன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி வந்தான். “என்ன சூசையப்பரே, தாடி கழண்டு விழுது” என்று அத்தானைக் கிண்டல் செய்தான். பிறகு கழுதையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கீழே பார்த்தான். வீங்கிப்போன கால்கள், என் பழைய செருப்பில் பாதிதான் நுழைந்திருந்தன. ஆராசெலியின் கால்கள் அப்படியா இருக்கும்? வெகுநேரம் அந்தக் கால்களையே பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

அப்போது கேட்டுக்குள்ளிருந்து அவர்களுடைய தலைவனின் குரல் கேட்டது. “யார்றா அது வாசல்ல பாட்டு?” “போசாதா தலைவரே” என்றான் ரூபேன். “அட! எங்கம்மா ஊர்லகூடப் பாடுவாங்கடா. கேட்டைத் தொற. எல்லாரையும் உள்ள கூப்பிடு, புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுப்போம். மாதா யாரு?” “பிரிகிதா அம்மா வீட்டு ஆராசெலி.” “நானே வந்து எறக்கி வைக்கிறேன், புண்ணியமாப் போவட்டும்” என்றான் அவன். தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது.

ரூபேன் கேட்டில் கையை வைத்து அழுத்திக்கொண்டான். “வேணாம் தலைவரே. இது மொத வீடு. மொத வீடு தொறக்கக் கூடாது. தொறந்தா வருஷம் திரும்பறதுக்குள்ள அந்த வீட்டுல சாவு விழும்” என்றான். அப்படி ஒரு சாத்திரம் நம் ஊரில் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவன் வாயில் பிறந்த சாத்திரம் அது. பாட்டு நின்றுவிட்டது. பிறகு அந்தத் தலைவன் கொஞ்சம் இறங்கிய குரலில், “அப்ப விரட்டுடா. முறைப்படி பாடி விரட்டு” என்றான்.

ரூபேன் பாடினான். இங்கே இடம் கிடையாது, போங்கள், திருடர்களாகக்கூட இருக்கலாம் என்று உள்ளேயிருந்து பாடவேண்டிய அடிகளை வெளியே நின்று பாடினான். சின்ன வயதில் நீயும் அவனும் போட்டி போட்டுப் பாடுவீர்களே, அதே ராகம். எங்களை விரட்டுகிற அந்தப் பாட்டு முடியவே கூடாது என்பதுபோல நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பாடி முடித்து, கழுதையின் பின்பக்கத்தில் ஓர் அடி போட்டான். அதுவும் நகர்ந்தது.

இரண்டாவது வீட்டில் பாதிப் பாட்டோடு கிளம்பி, மூன்றாவதாக விடுதிக்குப் போனோம். கதவு திறந்தது. கொய்யாவும் கரும்பும் போட்டுக் காய்ச்சிய பானத்தை எல்லாரும் குடித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் யெசேனியாவுக்குப் பெண் பிறந்தது. ஒத்திலியா என்று பெயர் வைத்திருக்கிறாளாம், பாவம் குழந்தை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். ஆராசெலி சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. புதுச் சட்டையை யாரும் பார்க்கவில்லையே என்ற ஏக்கத்தில், ஊர்வலம் கிளம்பும்போது கோயில் முற்றத்துக்கு ஓடிவந்து தன்னைத் தானே போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு அவள், பின்னால் கழுதைமேல் மாதா! நேற்றுக் காலையில் கேட்டில் நிறுத்தி அந்தப் போனைப் பார்த்தவன் சிரித்துக்கொண்டேதான் பார்த்தானாம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்குக் காய்ச்சல், அதனால் பக்கத்து ஊர்ப் பெண்ணை உட்கார வைத்தேன் என்று பிரிகிதா அம்மா சாதித்திருக்கிறார். ஆராசெலியை அப்போதே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை. ஆனால் ஆராசெலி என்று வாய்திறந்து பொய் சொன்னவன் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ரூபேன் மோட்டார் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். முதலில் விடுதிக்குத்தான் போயிருக்கிறான். அவனைப் பார்த்ததும் உள்ளே இருந்த பெண்கள் அலறியிருக்கிறார்கள். கேட் வீட்டில் அடைபட்டு, பணம் கட்டி வெளியே வந்தவர்கள், அவன் காவல் காத்த பெண்கள்தானே! பாதர் கைகூப்பி, “உன்னை உள்ள விட்டா இவங்க எங்கடா போவாங்க?” என்று கதவைச் சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு நம் பின்கதவுக்கு வந்தான். யெசேனியா பிறாண்டிய அதே கதவு. “அக்கா, நான்தான்” என்றான். எனக்கு உன் கிழிந்த புருவம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. “இங்க எடமில்ல, போடா” என்றேன். அவன் பாடிய அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை, சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

தாழ்ப்பாளைத் திறந்தது அத்தான். பயந்தாங்கொள்ளி என்று நாம் இருவரும் சேர்ந்து கேலி செய்வோமே, அந்த மனுஷன்தான். “அவன் பாடினதாலதான்டி நான் உசுரோட நிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். தாழ்ப்பாள் அவர் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது.

இப்போது அவன் விறகுக் கொட்டகையில் இருக்கிறான். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சாப்பாட்டைத் தட்டில் தள்ளிவிட்டு வருகிறேன், அவ்வளவுதான். இன்று காலை அவன் அம்மா கடைக்கு வந்தாள். “எம்புள்ளையைப் பாத்தியா ஒத்திலியா?” என்று கேட்டாள். அவள் பின்னாலேயே அவர்களுடைய ஆள் ஒருவன் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தான். இல்லை என்று சொன்னேன். பெற்றவளிடம் அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே வந்து மாவு மூட்டையின்மேல் முகத்தை வைத்து அழுதேன்.

இங்கே வைத்திருக்க முடியாது, தம்பி. விறகுக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிற நாள் வந்துகொண்டே இருக்கிறது. இன்று மாலை ரொட்டி வண்டியில் மாவுச் சாக்குகளுக்கு அடியில் படுக்கவைத்து, ரயில் மெதுவாகப் போகிற வளைவுக்கு அத்தான் கொண்டுபோகிறார். மற்றவர்களை இழுத்து இறக்கிய அதே ரயிலின் கூரைமேல்தான் அவனும் ஏறவேண்டும். வழியெல்லாம் அவனைப்போல ஒருவன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருப்பான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். நேற்றிலிருந்து அவனுக்கு ஒரு வாய் சோறுகூட இறங்கவில்லை.

அவனிடம் வாயால் சொல்லி அனுப்பினால் நீ நம்ப மாட்டாய், என் கையெழுத்து வேண்டும். அதனால் எல்லாப் பெயரையும் அப்படியே எழுதியிருக்கிறேன். இதை அவன் சட்டை உள்பக்கத்தில் வைத்து நானே தைக்கப்போகிறேன். வழியில் அவன் மனது மாறி இதை அவர்களிடம் கொடுத்தால் அவன் பிழைத்துக்கொள்வான். நானும் அத்தானும் பிரிகிதா அம்மாவும் இருக்க மாட்டோம். தெரிந்தேதான் தைக்கிறேன். இதை நீ படிக்கிறாய் என்றால், எங்கள் உயிரை அவன் அங்கேவரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான் என்று அர்த்தம். படித்து முடித்ததும் எரித்துவிடு.

நீ அங்கே யார் வீட்டு அடித்தளத்தில் படுத்திருக்கிறாய், முதல் நாள் உனக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. யாரோ திறந்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்காகத்தான் அன்று யெசேனியாவை உள்ளே இழுத்தேன். இவனுக்காக உன்னிடம் கேட்க எனக்கு அந்த அளவு மனசு இன்னும் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பாதர் வீடு மூடிவிட்டது. நம் வீட்டில் வைத்திருக்க வழியில்லை. மூன்றாவது வீடு உன்னுடையது.

போர்வை ஒன்று கூடுதலாக இருந்தால் கொடு. பேச வேண்டாம் என்றால் பேசாதே. அடிக்க வேண்டும் என்று இருந்தால்கூட, உள்ளே கூப்பிட்டுச் சூடாக எதையாவது குடிக்கக் கொடுத்துவிட்டு அப்புறம் அடி. அவனைப் பெற்றவளுக்கு மட்டும் எப்படியாவது சேதி வரும்படி செய். மாதா உன்னைக் காப்பாற்றட்டும். உன்னைப் பிடிக்க வருகிறவர்கள் உன் வாசலைக் காணாமல் போகட்டும்.

எழுந்திரு தம்பி. குளிரில் நிற்கிறான், போய்க் கதவைத் திற.

உன் முகத்தை நினைத்துக்கொண்டே இருக்கும்
அக்கா ஒத்திலியா